தொலைநோக்கியில் பார்த்ததை வரைவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் வீட்டு மொட்டை மாடியில் எட்டு அங்குல டாப்சோனியன் (கண்ணாடி வைத்த, கையால் திருப்பிப் பார்க்கும் வகை) தொலைநோக்கி ஒன்று இருக்கிறது. பதினொரு வருடமாக அதில் பார்ப்பதைப் பென்சிலால் வரைந்துவருகிறேன். வந்து எட்டிப் பார்ப்பவர்களில் பலர் ஓரியன் நெபுலா என்ற வாயு மேகத்தை நான்கு நொடி பார்த்துவிட்டு, “ஏதோ புகை மாதிரி இருக்கு” என்று விலகிவிடுவார்கள். அதே ஆளை உட்காரவைத்துக் கையில் பென்சிலைக் கொடுத்தால் அரை மணி நேரம் கண்ணை எடுக்கமாட்டார். அந்த மாற்றத்தைப் பலமுறை நேரில் பார்த்ததால்தான் இந்தப் பக்கத்தை எழுதுகிறேன். கேள்விகள் எல்லாம் மாடிக்கு வந்தவர்கள் கேட்டவை. பதில்களில் வரும் உருப்பெருக்கக் கணக்குகள் 1200 மி.மீ. குவியத் தூரம் உள்ள என் தொலைநோக்கிக்கானவை.

நல்ல கேமராக்கள் வந்துவிட்டனவே, எதற்குக் கையால் வரைய வேண்டும்?

படம் பிடிப்பதும் வரைவதும் வேறு வேறு வேலை. கேமரா மணிக்கணக்கில் ஒளியைச் சேர்த்து, கண்ணுக்குத் தெரியாததைக் காட்டும். வரையும்போது உங்கள் கண்ணுக்கு அன்றைய இரவில் என்ன தெரிந்தது என்பது தாளில் நிற்கும்.

ஆனால் நான் வரைவதற்குக் காரணம் அந்தத் தாள்கூட இல்லை. வரைய உட்கார்ந்தால்தான் கண் வேலை செய்ய ஆரம்பிக்கிறது. ‘இந்த விளிம்பு கூர்மையா, மங்கலா? இந்த விண்மீன் அதைவிடப் பிரகாசமா, கம்மியா?’ என்று பென்சில் ஒவ்வொரு நிமிடமும் கேட்டுக்கொண்டே இருக்கும். பதில் சொல்ல மறுபடி ஐபீஸில், அதாவது கண்ணை ஒட்டிய லென்ஸில், கண்ணை வைக்கவேண்டும். ஒவ்வொரு முறையும் முன்பு தெரியாத ஒன்று தெரியும். வெறுமனே பார்க்கிறவருக்கு இந்தக் கேள்விகள் எழுவதே இல்லை.

எனக்கு ஓவியம் வராது. பூனை வரைந்தால்கூட பூனை மாதிரி இருக்காது. பரவாயில்லையா?

பரவாயில்லை. இங்கே தேவைப்படுவது மூன்றே திறமைகள்: புள்ளி வைப்பது, புள்ளிகளுக்கு இடையிலான தூரத்தை மதிப்பிடுவது, பென்சில் பொடியை விரலால் தேய்ப்பது. கோலத்துக்குப் புள்ளி வைத்துப் பழகிய கைக்கு முதல் இரண்டும் ஏற்கெனவே தெரியும். என் மாடியில் விண்மீன்களை மிகச் சரியான இடத்தில் வைத்தவர் பக்கத்து வீட்டு அத்தை ஒருவர். அறுபது வயதுக்கு மேல் முதன்முறையாகத் தொலைநோக்கியில் பார்த்தவர் அவர்.

என்னென்ன வாங்க வேண்டும்?

பள்ளிப் பிள்ளைகள் உள்ள வீட்டில் பெரும்பாலும் எல்லாமே இருக்கும். எச்பி, 2பி, 4பி பென்சில்கள். கொஞ்சம் சொரசொரப்பான வெள்ளை டிராயிங் தாள். பரீட்சைக்குக் கொண்டுபோகும் கிளிப் அட்டை. அழிப்பான், அதில் ஒரு மூலையைப் பிளேடால் கூராகச் சீவிக்கொள்ளுங்கள். நெபுலாவைத் தேய்க்க இயர் பட்ஸ் போதும். காகிதத்தை இறுக்கிச் சுருட்டிய தேய்ப்புக் குச்சி ஓவியப் பொருள் கடையில் கிடைக்கும், அது இன்னும் நன்றாக வேலை செய்யும்.

பார்வைப் புலத்துக்கு, அதாவது ஐபீஸில் வட்டமாகத் தெரியும் வானப் பகுதிக்கு, தாளில் ஒரு வட்டம் வேண்டும். எட்டு, ஒன்பது செ.மீ. விட்டம் சரியாக இருக்கும். காம்பஸால் போடலாம், ஏதாவது டப்பா மூடியைச் சுற்றியும் போடலாம். இருபது தாளில் பகலிலேயே போட்டு வைத்துவிடுங்கள்.

பேனா வேண்டாம். மார்கழி இரவில் பனி இறங்கினால் தாள் நமுத்துப்போகும். முதல் வருடம் பேனாவில் எழுதிய குறிப்புகள் பல பக்கங்களில் ஊறிப் பரவிப் படிக்க முடியாமல் போய்விட்டன. அந்த இரவுகளின் நேரமும் தேதியும் எனக்குத் திரும்பக் கிடைக்கவில்லை. பென்சில் எழுத்து அப்படி அழியாது. தாளை ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் வைத்திருந்து, வரையும்போது மட்டும் வெளியே எடுங்கள்.

இன்னொன்று நாற்காலி. இதை யாரும் கேட்பதில்லை, ஆனால் பென்சிலைவிட முக்கியம். நின்றுகொண்டு, குனிந்துகொண்டு பார்க்கும் கண்ணுக்கு மங்கலான பொருள் தெரியாது. உடம்பு ஆடினால் பார்வையும் ஆடும்.

இருட்டில் தாளை எப்படிப் பார்ப்பது? டார்ச் அடித்தால் கண் கூசிவிடுமே?

கண் இருட்டுக்கு முழுமையாகப் பழக இருபதிலிருந்து முப்பது நிமிடம் ஆகும். ஒரே ஒரு முறை செல்போன் திரையைப் பார்த்தால் அது பெரும்பாலும் பாழாகிவிடும். அதனால் மங்கலான சிவப்பு வெளிச்சம்தான் வழி. இருட்டில் வேலை செய்யும் குச்சி செல்களுக்குச் சிவப்பு ஒளி கிட்டத்தட்டத் தெரியாது. சின்ன டார்ச்சின் முகப்பில் சிவப்புக் கண்ணாடித்தாளை நான்கைந்து மடிப்பாக வைத்து ரப்பர் பேண்டு போடுங்கள். கோடு மட்டும் தெரிந்தால் போதும். தாள் பளிச்சென்று தெரிந்தால் வெளிச்சம் அதிகம் என்று அர்த்தம், இன்னொரு மடிப்பு சேருங்கள்.

நிலவையும் கோள்களையும் வரைய இந்தக் கட்டுப்பாடு எதுவும் வேண்டாம். அவை பிரகாசமானவை. சாதாரண மஞ்சள் விளக்கே நல்லது.

முதலில் எதை வரையலாம்?

அருந்ததியை. கல்யாணத்தில் அம்மி மிதித்துப் பார்க்கச் சொல்லும் அதே அருந்ததிதான். சித்திரை, வைகாசியில் இரவு எட்டு, ஒன்பது மணிக்கு வடக்கே பாருங்கள். சப்தரிஷி மண்டலத்தின் வால் பகுதியில் நடு விண்மீன் வசிட்டர், அதை ஒட்டி மங்கலாக அருந்ததி. 25 மி.மீ. ஐபீஸ் போட்டால் 48 மடங்கு உருப்பெருக்கம், பார்வைப் புலம் ஏறக்குறைய ஒரு பாகை. இரண்டும் அதற்குள் வசதியாக அடங்கும்.

இப்போது வசிட்டரை நன்றாகப் பாருங்கள். அது ஒன்றல்ல, ஒட்டினாற்போல் இரண்டு. வெறும் கண்ணுக்கு ஒன்றாகத் தெரிந்தது தொலைநோக்கியில் பிரிந்துவிடும். அருந்ததியோடு சேர்த்து மூன்று புள்ளிகள். ஒன்பது செ.மீ. வட்டத்தில் வசிட்டருக்கும் அருந்ததிக்கும் நடுவே ஏறக்குறைய 18 மி.மீ. இருக்கவேண்டும். வசிட்டரின் இரு புள்ளிகள் ஒன்றையொன்று தொட்டும் தொடாமலும் இருக்கவேண்டும். மூன்றையும் வைத்த பிறகு இன்னொரு தடவை கண்ணை வையுங்கள். இருவருக்கும் நடுவில், நேர்கோட்டிலிருந்து கொஞ்சம் விலகி, மங்கலான நான்காவது ஒன்று இருக்கும். அதை வைத்தால் முதல் வரைபடம் முடிந்தது. பத்து நிமிட வேலை.

விண்மீன்களைச் சரியான இடத்தில் வைப்பது எப்படி? நான் வைத்தால் எல்லாம் இடம் மாறிவிடுகிறது.

மிகப் பிரகாசமான இரண்டு மூன்றை முதலில் வையுங்கள். வட்டத்தின் விளிம்பிலிருந்து எவ்வளவு தூரம், கடிகார முள் எந்த மணியைக் காட்டும் திசை என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டே வையுங்கள். ‘மூன்று மணிப் பக்கம், நடுவிலிருந்து பாதி தூரம்’ என்று. அப்புறம் மற்றவற்றை இவற்றோடு முக்கோணமாகச் சேர்த்துப் பாருங்கள். முக்கோணம் ஒல்லியா, குட்டையா, செங்கோணமா என்பதைக் கண் உடனே பிடித்துக்கொள்ளும். தனித் தூரத்தை மதிப்பிடுவதில்தான் அது ஏமாறும்.

பிரகாசத்தைப் புள்ளியின் அளவால் காட்டுங்கள். பென்சிலைச் செங்குத்தாகப் பிடித்துச் சுழற்றினால் உருண்டையான புள்ளி வரும். விண்மீனைச் சுற்றிக் கதிர்கள் போட வேண்டாம்.

டாப்சோனியனில் பூமி சுழல்வதால் படம் நகர்ந்துகொண்டே இருக்கும். ஒவ்வொரு முறை பார்க்கும்போதும் அதே விண்மீனை நடுவுக்குக் கொண்டுவந்துவிட்டுப் பிறகு அளவெடுங்கள். இதைச் செய்யாததுதான் இடம் மாறுவதற்குப் பெரும்பாலும் காரணம்.

கார்த்திகைக் கூட்டத்தில் பழகுவது நல்லது. சங்கப் பாடல்கள் அதை ‘அறுமீன்’ என்கின்றன, வெறும் கண்ணுக்கு ஆறு தெரிவதால். கலிலியோ 1610-இல் வெளியிட்ட படத்தில் 36 வரைந்திருக்கிறார். அவருடையதைவிட உங்கள் தொலைநோக்கி எவ்வளவோ நல்லது, எனவே 36-ஐத் தாண்டுவது கஷ்டமில்லை. ஆனால் எத்தனை என்ற எண்ணிக்கையை நோக்கமாக வைக்காதீர்கள். சரியான இடத்தில் இருக்கும் இருபது, இடம் தவறிய அறுபதைவிட மேல்.

நெபுலா எனக்கு வெறும் புகையாகத்தான் தெரிகிறது. அதில் என்ன வரைவது?

இங்கேதான் பொறுமை வேண்டும்.

கண்ணின் நடுப்பகுதியில் நிறம் பார்க்கும் கூம்பு செல்கள் நெருக்கமாக இருக்கின்றன. மங்கலான ஒளியைப் பிடிக்கும் குச்சி செல்கள் நடுவைவிட்டு விலகி இருக்கின்றன. அதனால் மங்கலான பொருளை நேராக உற்றுப் பார்த்தால் மறையும், கொஞ்சம் தள்ளிப் பார்த்தால் தெரியும். இதை ஓரப் பார்வை என்கிறோம். வலது கண்ணால் பார்த்தால் பொருளுக்குச் சற்று வலப்பக்கம் பாருங்கள், இடது கண் என்றால் இடப்பக்கம். எதிர்ப்பக்கம் பார்த்தால் பொருளின் ஒளி கண்ணின் குருட்டுப் புள்ளியில் விழுந்துவிடக்கூடும். இன்னொரு வித்தை, தொலைநோக்கியின் குழாயை விரலால் லேசாகத் தட்டுவது. அசைகிற மங்கலை, அசையாத மங்கலைவிடக் கண் எளிதாகப் பிடிக்கிறது.

ஓரியன் நெபுலாவையே எடுத்துக்கொள்வோம். தை மாதம், இரவு ஒன்பது மணி. முதல் ஐந்து நிமிடம் எதையும் வரையாதீர்கள். நடுவில் நான்கு விண்மீன்கள் சின்ன நாற்கரமாக நிற்கும், அதைக் கண்டுபிடியுங்கள். அதற்குப் பக்கத்தில் ஒளிக்குள் இருட்டு ஒன்று வாய் திறந்தது போல் உள்ளே நுழைகிறதா என்று பாருங்கள். இரண்டு பக்கமும் இறக்கை போல் ஒளி விரியும். ஒரு இறக்கையின் விளிம்பு கத்தியால் வெட்டியதுபோல் இருக்கும், இன்னொன்று எங்கே முடிகிறது என்றே தெரியாமல் கரையும். வடக்கே கொஞ்சம் தள்ளி ஒற்றை விண்மீனைச் சுற்றித் தனியாக ஒரு சிறு பொட்டு ஒளி இருக்கும். அது எம் 43 என்ற இன்னொரு நெபுலா. இவ்வளவும் அந்தப் ‘புகை’க்குள் இருப்பவைதான்.

இந்தப் படத்தில் பென்சில் கறுப்புதான் ஒளி, வெறும் தாள்தான் இருட்டு. வரையும் வரிசை: முதலில் விண்மீன்கள் எல்லாம். பிறகு இயர் பட்ஸை 4பி பென்சில் பொடியில் தொட்டு, வேறு தாளில் கொஞ்சம் துடைத்துவிட்டு, மிக மங்கலான வெளிப்பகுதியில் வட்டவட்டமாகத் தேயுங்கள். அடர்த்தியை நடுவை நோக்கிக் கூட்டிக்கொண்டே போங்கள். இருட்டு வாயை அழிப்பானின் கூரான மூலையால் எடுங்கள். நெபுலாவுக்கு வெளிக்கோடு போடவே போடாதீர்கள். வானத்தில் கோடு இல்லை.

டச்சு வானியலாளர் கிறிஸ்டியான் ஹைகன்ஸ் 1659-இல் வெளியிட்ட ஓரியன் நெபுலா படத்தில் அந்த நாற்கரத்தில் மூன்று விண்மீன்களே இருக்கின்றன. அவருடைய தொலைநோக்கிக்கு மூன்றுதான் தெரிந்தது, மூன்றையே வரைந்தார். நான்காவதை அவர் குறித்தது பல வருடங்களுக்குப் பிறகு. மூன்று விண்மீன் உள்ள அந்தப் படத்தின் மேல் எனக்குத் தனி மரியாதை உண்டு.

தாளில் வடக்கு எது என்று எப்படித் தெரியும்?

தொலைநோக்கியை அசைக்காமல் விடுங்கள். விண்மீன்கள் நகர்ந்து வெளியேறும் பக்கம் மேற்கு. அந்த விளிம்பில் ‘மே’ என்று குறியுங்கள். பிறகு குழாயைத் துருவ விண்மீன் இருக்கும் பக்கமாக லேசாகத் தள்ளுங்கள். புதிய விண்மீன்கள் எந்த விளிம்பில் நுழைகின்றனவோ அது வடக்கு. என் தொலைநோக்கி போன்ற இரு கண்ணாடி வகையில் படம் தலைகீழாகத் திரும்பியிருக்கும். லென்ஸ் தொலைநோக்கியில் மூலைக் கண்ணாடி போட்டிருந்தால் இடவலம் மாறியிருக்கும். இதை எல்லாம் மனப்பாடம் செய்ய வேண்டாம். மேற்கையும் வடக்கையும் குறித்துவிட்டால் போதும்.

பார்வைப் புலத்தின் அளவு தெரியவில்லை என்றால் ஓரியனின் இடுப்புப் பட்டையில் மேற்குப் பக்கம் உள்ள விண்மீனை ஒரு விளிம்பில் வைத்து, நடுவழியாகக் கடந்து மறு விளிம்பில் மறையும் வரை நேரம் பாருங்கள். அது வான நடுக்கோட்டுக்கு மிக அருகில் இருப்பதால் நான்கு நிமிடத்துக்கு ஒரு பாகை நகரும்.

நிலவில் இவ்வளவு இருக்கிறதே, எங்கே தொடங்குவது?

முழு நிலவை வரைய முயலாதீர்கள். பௌர்ணமியன்றும் வேண்டாம், அன்று நிழலே இருக்காது. வளர்பிறையில் வெளிச்சமும் இருளும் சந்திக்கும் கோட்டின் ஓரமாக ஒரே ஒரு பள்ளத்தைத் தேர்ந்தெடுங்கள். அமாவாசை கழிந்து ஐந்தாம் நாள் வாக்கில் தியோபிலஸ், சிரிலஸ், கேதரினா என்று மூன்று பள்ளங்கள் சங்கிலிபோல் நிற்கும். ஒன்பதாம் நாள் வாக்கில் கோபர்நிக்கஸ் வெளிச்சத்துக்கு வரும். 93 கி.மீ. அகலம், படிக்கட்டு போன்ற உட்சுவர், நடுவில் சிகரங்கள். நிலவில் எனக்கு மிகப் பிடித்த இடம் அது.

120 மடங்கிலோ அதற்கு மேலோ பாருங்கள். முதலில் நிழல்களின் வடிவத்தை மட்டும் கோடாகப் போட்டு உடனே கறுப்பாக நிரப்புங்கள். நிலவில் சூரியன் மணிக்கு அரைப் பாகை ஏறுகிறது. ஒரு மணி நேரத்தில் நிழலின் நுனி நகர்ந்துவிடும், இருட்டுக்குள் புதிதாக ஒரு சிகரம் பொட்டுபோல் ஒளிரும். நாற்பது நிமிடத்துக்குள் முடியுங்கள். முடியாவிட்டால் அந்த அளவிலேயே நிறுத்துங்கள், புது நிழலையும் பழைய நிழலையும் ஒரே தாளில் கலக்காதீர்கள்.

வியாழன் வரைவது கடினமாமே?

அவசரம்தான் கடினம். வியாழன் பத்து மணி நேரத்துக்கும் குறைவாகத் தன்னைத்தானே சுற்றிவிடுகிறது. இருபது நிமிடத்தில் 12 பாகை திரும்பிவிடும். நடுவில் இருந்த செந்திட்டு (அங்கே வீசும் பெரிய சிவப்புப் புயல்) கண்ணெதிரே ஓரத்துக்கு நகர்வதை ஒரே மாலையில் பார்க்கலாம்.

அதனால் வெளிவட்டத்தைப் பகலிலேயே தயார் செய்யுங்கள். அது முழு வட்டமில்லை. வேகமாகச் சுற்றுவதால் துருவங்களில் தட்டையாகி இருக்கிறது. அகலம் 60 மி.மீ. என்றால் உயரம் 56 மி.மீ. இதைச் செய்யாமல் முழு வட்டத்தில் வரைந்தால் மேகப் பட்டைகள் எங்குமே பொருந்தாது. உட்கார்ந்ததும் நேரத்தை எழுதிவிட்டு இரண்டு பெரிய பட்டைகளின் இடத்தைக் குறியுங்கள். முதல் பத்து நிமிடத்தில் செந்திட்டு, பட்டைகளின் விளிம்பில் உள்ள முடிச்சுகள் போன்ற நகரும் விவரங்கள். நிறமும் அடர்த்தியும் அப்புறம். காற்று நிலையாக நிற்கும் ஒன்றிரண்டு நொடிகளுக்காகக் காத்திருந்து, அந்த நொடியில் தெரிந்ததை வரையுங்கள்.

வியாழனைத் தொடர்ந்து வரைபவருக்கு நல்ல பலன் உண்டு. 2010-இல் அதன் தெற்கு நடுப்பட்டை வெளிறி மறைந்தேபோய்ப் பிறகு திரும்பி வந்தது. 1994 ஜூலையில் ஷூமேக்கர்-லெவி வால்மீன் மோதியபோது விழுந்த கரிய வடுக்கள் சிறிய தொலைநோக்கிகளிலும் தெரிந்தன.

சனியில் இந்த அவசரம் இல்லை. அதன் வளையம் 2025 மார்ச்சில் நமக்கு விளிம்பாகத் திரும்பிக் கோடாகிப்போனது. இப்போது ஆண்டுக்காண்டு விரிந்துவருகிறது. வருடத்துக்கு ஒரு படம் வரைந்தால் ஐந்தாறு தாளில் அந்த விரிவு உங்கள் கையில் இருக்கும்.

நான் பார்த்தது நிஜமா, கற்பனையா என்று சந்தேகமாக இருக்கிறது.

இது மிக நல்ல சந்தேகம்.

1877-இல் இத்தாலியில் ஸ்கியாபரெல்லி செவ்வாயில் நேர்கோடுகளைப் பார்த்து வரைந்தார். பிறகு அமெரிக்காவில் பெர்சிவல் லோவெல் அந்தக் கோடுகளை அறிவுள்ள உயிர்கள் வெட்டிய கால்வாய்கள் என்று நம்பி, வருடக்கணக்கில் வரைந்து தள்ளினார். இருவரும் பொய் சொன்னவர்கள் இல்லை. 1903-இல் மாண்டர் என்பவர் கிரீனிச்சில் பள்ளி மாணவர்களிடம் ஒரு சோதனை செய்தார். புள்ளிகளும் ஒழுங்கற்ற திட்டுகளும் உள்ள ஒரு வட்டத்தைத் தூரத்தில் மாட்டிவைத்து வரையச் சொன்னார். குறிப்பிட்ட தூரத்தில் உட்கார்ந்திருந்த பிள்ளைகளில் பலர், அதில் இல்லாத கோடுகளை வரைந்தார்கள். கண் எட்டும் எல்லையில், மனம் புள்ளிகளைக் கோடாக இணைத்துவிடுகிறது. 1909-இல் பாரிசை அடுத்த மூதோன் வான்நோக்ககத்தில் 83 செ.மீ. தொலைநோக்கியில், காற்று அசைவற்று நின்ற ஒரு வேளையில் அன்டோனியாடி செவ்வாயைப் பார்த்தார். கோடுகள் இல்லை. சிறுசிறு திட்டுகள்தான் எண்ணற்று இருந்தன.

நானும் இதே தவறைச் செய்திருக்கிறேன். முதல் வருடம் எம் 51 என்ற சுருள் கேலக்ஸியை வரைந்தேன். சுருள் கரங்கள் எவ்வளவு அழகாக வந்திருக்கின்றன என்று எல்லோரும் பாராட்டினார்கள். ஆனால் எங்கள் ஊர் வெளிச்சத்தில் எட்டு அங்குலத் தொலைநோக்கிக்கு அதில் தெரிவது பக்கத்துப் பக்கத்தில் இரண்டு மங்கலான பொட்டுகள். கரங்களை வரைந்தது, புத்தகத்தில் பார்த்த புகைப்படத்தின் நினைவு. அந்தத் தாளின் மேல் ‘பார்க்காதது’ என்று எழுதி இன்னும் வைத்திருக்கிறேன்.

அதிலிருந்து இரண்டு பழக்கங்கள் வைத்துக்கொண்டேன். வரையப்போகும் பொருளின் புகைப்படத்தை அந்த வாரம் பார்ப்பதில்லை. ஒரு விவரம் தனித்தனியாக மூன்று முறை தெரிந்தால்தான் தாளில் வைப்பது. ஒரு முறை மட்டும் தெரிந்தால் ஓரத்தில் ‘சந்தேகம்’ என்று எழுதிவைப்பது. வெறும் இரண்டு பொட்டுகள் உள்ள தாளைக் காட்ட யாரும் வெட்கப்பட வேண்டாம்.

நகர வெளிச்சத்தில் இருக்கிறேன். எனக்கு வாய்ப்பு உண்டா?

நிலவு, கோள்கள், இரட்டை விண்மீன்கள் எதற்கும் நகர வெளிச்சம் தடையில்லை. ஆனால் மாடித் தளம் பகலெல்லாம் வாங்கிய சூட்டை இரவில் விட்டுக்கொண்டிருக்கும், அதனால் படம் கொதிக்கிற தண்ணீருக்கு அடியில் இருப்பதுபோல் ஆடும். சாயங்காலமே தளத்தில் தண்ணீர் ஊற்றிவையுங்கள், பத்து மணிக்கு மேல் பாருங்கள். கேலக்ஸிகளுக்கு மட்டும் ஊரைவிட்டு வெளியே போகத்தான் வேண்டும்.

தமிழ்நாட்டிலிருந்து வரைய நமக்கென்று ஏதாவது உண்டா?

உண்டு, தெற்கு வானம். ஒமேகா சென்டாரி என்ற கோளக் கொத்து (உருண்டையாகத் திரண்ட விண்மீன் கூட்டம்) லண்டனில் அடிவானத்துக்கு மேல் எழுவதே இல்லை. சென்னையில் 29 பாகை உயரத்துக்கும், மதுரையில் 33 பாகைக்கும் ஏறுகிறது. சித்திரை, வைகாசி இரவுகளில் தெற்கே பார்த்தால் இருட்டான ஊர்களில் வெறும் கண்ணுக்கே மங்கலான விண்மீன் போல் தெரியும். தொலைநோக்கியில் ரவையைக் கொட்டியதுபோல் இருக்கும்.

இதை வரையும்போது எல்லா விண்மீனையும் வைக்க முயலாதீர்கள், அவை ஏறக்குறைய ஒரு கோடி. முதலில் வட்டமான ஒளியைத் தேய்த்து, நடுவை நோக்கி அடர்த்தியைக் கூட்டுங்கள். அது முழு வட்டமா, சற்று நீள்வட்டமா என்று பாருங்கள். பிறகு தனித்துத் தெரியும் விண்மீன்களைச் சரியான இடத்தில் வையுங்கள். கடைசியாகக் கூரான எச்பியால் மிகச் சிறு புள்ளிகள், நடுவில் நெருக்கமாக, ஓரத்தில் அருகலாக. இந்தக் கடைசிப் புள்ளிகள் தன்மையைத்தான் காட்டும், இடத்தை அல்ல. அதையும் குறிப்பில் எழுதிவிடுங்கள்.

சூரியனை வரையலாமா?

தொலைநோக்கியின் முன்வாயை முழுவதும் மூடும் சூரிய வடிகட்டி இருந்தால் மட்டும். கிழிசல், ஓட்டை இருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள். குறிபார்க்கப் பக்கத்தில் பொருத்தியிருக்கும் சின்னத் தேடு குழாயை மூடிவிடுங்கள். ஐபீஸில் திருகும் சின்னக் கறுப்புக் கண்ணாடியை நம்பாதீர்கள், சூட்டில் வெடித்தால் கண் போய்விடும். பிள்ளைகளைப் பக்கத்தில் தனியே விடாதீர்கள்.

வடிகட்டி இருந்தால் சூரியக் கரும்புள்ளிகளைப் போல் வரையச் சுகமான பொருள் இல்லை. பகல் நேரம், பனி இல்லை, தினமும் மாறும். 1859 செப்டம்பர் 1 அன்று இங்கிலாந்தில் ரிச்சர்ட் காரிங்டன் கரும்புள்ளிகளை வரைந்துகொண்டிருந்தபோதுதான் சூரியனில் வெடித்த ஒளிப்பிழம்பைப் பார்த்தார். நம் கொடைக்கானல் சூரிய வான்நோக்ககத்தில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து கையால் வரைந்த சூரிய வரைபடங்கள் இருக்கின்றன. கரும்புள்ளிகளும் மற்றவையும் வெவ்வேறு நிறத்தில் குறிக்கப்பட்டவை. ஒவ்வொரு நாளும் ஒருவர் உட்கார்ந்து குறித்தது.

இப்படி வரைவதால் அறிவியலுக்குப் பயன் உண்டா?

ஒரு காலத்தில் இதுதான் அறிவியல். அயர்லாந்தின் பிர் கோட்டையில் 72 அங்குலத் தொலைநோக்கியை வைத்து ராஸ் பிரபு 1845-இல் எம் 51-இன் சுருள் வடிவத்தை வரைந்தார். கேலக்ஸிகளுக்குச் சுருள் உண்டு என்று முதலில் தெரியவந்தது அந்தப் படத்தால்தான். இன்று அந்த வேலையைக் கேமரா செய்துவிடும்.

கண்ணுக்கு இன்னும் மிச்சம் இருப்பது மாறொளிர் விண்மீன்கள், அதாவது பிரகாசம் கூடிக் குறையும் விண்மீன்கள். வரைந்து பழகியவருக்கு இரண்டு விண்மீன்களின் பிரகாசத்தை ஒப்பிடுவது கைவந்துவிடும். அப்படி மதிப்பிட்ட அளவுகளை ஆவ்சோ (மாறொளிர் விண்மீன்களைக் கவனிப்பவர்களின் அமெரிக்கச் சங்கம்) போன்ற அமைப்புகள் இன்றும் உலகம் முழுவதிலிருந்தும் பெற்றுக்கொள்கின்றன. சென்னையில் இருந்த மதராஸ் வான்நோக்ககத்தில் பணியாற்றிய ரகுநாதாச்சாரி 1867-இல் ஆர் ரெட்டிகுலி என்ற விண்மீன் மாறொளிர் என்று கண்டறிந்தார். பார்த்து, ஒப்பிட்டு, மறுபடி பார்த்துக் கண்டது.

ஒவ்வொரு தாளிலும் என்ன எழுத வேண்டும்?

பொருளின் பெயர், தேதி, தொடங்கிய நேரம், முடித்த நேரம், இடம், தொலைநோக்கி, ஐபீஸ், உருப்பெருக்கம், காற்று எவ்வளவு அமைதி, நிலவு இருந்ததா. நள்ளிரவு தாண்டினால் தேதியில் குழப்பம் வரும், ‘ஜனவரி 14–15 இரவு’ என்று இரண்டையும் எழுதுங்கள். கூடவே கண்ணுக்குத் தோன்றியதை உங்கள் வார்த்தையில் ஒரு வரி எழுதுங்கள்.

வீட்டுக்குள் வந்த பிறகு திருத்தலாமா?

நான் மறுநாள் காலைக்குள் ஒரு சுத்தப் பிரதி எடுப்பேன். தேய்த்தது ஒழுங்காக இல்லை என்றால் சரிசெய்வேன், புள்ளிகளை உருண்டையாக்குவேன். புதிதாக எதையும் சேர்ப்பதில்லை. மாடியில் வரைந்த அழுக்குத் தாளைத் தூக்கிப் போடுவதும் இல்லை, அதுதான் மூலம். பிறகு விண்மீன், நெபுலா படங்களை ஸ்கேன் செய்து செல்போன் செயலியில் நிறத்தை எதிர்மறையாக்கினால் வெள்ளைத் தாள் கறுப்பு வானமாகும், பென்சில் கறுப்பு ஒளியாகும். கறுப்புத் தாளில் வெள்ளைப் பென்சிலால் நேராக வரைகிறவர்களும் உண்டு. நிலவுக்கு அது அருமையாக வரும். மங்கலான நெபுலாவுக்கு வெள்ளைத் தாள்தான் எனக்குக் கைகொடுக்கிறது.

குழந்தைகளுக்கு எந்த வயதில் சொல்லிக்கொடுக்கலாம்?

பென்சில் பிடிக்கத் தெரிந்த வயதில். உயரத்துக்கு ஒரு ஸ்டூல் போடுங்கள், நிலவைக் காட்டுங்கள், ‘என்ன தெரியுது?’ என்று மட்டும் கேளுங்கள். பெயர் எதுவும் சொல்ல வேண்டாம். போன மாதம் இரண்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி நிலவின் இருட்டுப் பக்கத்தில், வெளிச்சத்தைவிட்டு விலகி, தனியாக ஒரு புள்ளி வைத்தாள். தவறு என்று நினைத்துத் திரும்பப் பார்த்தேன். அங்கே ஒரு மலையுச்சிக்கு அப்போதுதான் விடிந்திருந்தது.